கேடயமா, கவசமா? ஏவுகணைத் தடுப்பு அமைப்புகள் பற்றிய சர்வதேசத் தகராறு

எங்கள் அரபுக் கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் அரபு நாளிதழ் வாசிப்பு வகுப்பு உண்டு. பழைய இலக்கண நூல்களில் ஊறியவர்கள் இன்றைய அரபு உரைநடையோடும் பழக வேண்டும் என்பதற்காக ஏற்பட்டது அது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செய்தியில் 'அத்திர்உஸ் ஸாரூகீ' என்னும் தொடர் வந்தது. மாணவர் ஒருவர் சற்றும் தயங்காமல் 'ஏவுகணைச் சட்டை' என்று மொழிபெயர்த்தார். வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆனால் பிழை முழுவதையும் அவர்மீது சுமத்துவதற்கில்லை. 'திர்உ' என்னும் சொல் இரும்பு வளையங்களால் பின்னிய போர்க் கவசத்தைக் குறிக்கும்போது பெரும்பாலும் பெண்பாலாகவும், பெண்கள் அணியும் சட்டையைக் குறிக்கும்போது ஆண்பாலாகவும் வழங்கும் என்பது அகராதியாசிரியர்கள் கூற்று. நாளிதழ் ஆசிரியரோ அடைமொழியை ஆண்பாலில் எழுதியிருந்தார். மாணவர் இலக்கணத்தை நம்பினார், அவ்வளவே.

சிரிப்பு அடங்கிய பிறகு எனக்கு வேறொரு சிந்தனை எழுந்தது. இதே கருவியைத் தமிழ் ஏடுகள் சில வேளைகளில் 'ஏவுகணைக் கேடயம்' என்று எழுதுகின்றன. கேடயத்துக்கு அரபியில் 'துர்ஸ்' என்னும் தனிச்சொல் இருக்கிறது. ஆயினும் அரபு ஏடுகள் அச்சொல்லை விடுத்துக் கவசத்தையே தேர்ந்துள்ளன. அறிந்து தேர்ந்தனரோ அறியாமல் தேர்ந்தனரோ, தேர்வு பொருத்தமானது. கேடயம் ஒரு கையைப் பிடித்துக்கொள்ளும். மீதமுள்ள ஒரு கையால்தான் வாள் வீச முடியும். கவசம் தரித்தவனுக்கோ இரண்டு கைகளும் ஓய்வாக இருக்கின்றன. எதிரி திருப்பித் தாக்குவான் என்ற அச்சம் குறைவதால் முதலில் தாக்கும் துணிவும் அவனுக்கு எளிதில் வந்துவிடுகிறது. ஏவுகணைத் தடுப்பு அமைப்பு பற்றி அரை நூற்றாண்டுக்கும் மேலாக வல்லரசுகளிடையே நடந்துவரும் தகராறின் வேர் இங்கேதான் இருக்கிறது. தற்காப்புக் கருவியை ஒருவன் நிறுவினால் அடுத்தவன் ஏன் கோபப்பட வேண்டும் என்று சாதாரண மனிதன் கேட்பது இயல்பே. இந்தக் கேள்வியை முதன்முதலில் உரத்துக் கேட்டவர்கள் யார், அதற்கு விடை சொன்னவர்கள் யார் என்பதில் ஒரு விசித்திரம் உண்டு.

1967 ஜூன் 23, 25 ஆகிய நாட்களில் அமெரிக்க நாட்டின் நியூ ஜெர்சி மாநிலத்துச் சிற்றூரான கிளாஸ்பரோவில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான்சனும் சோவியத் பிரதமர் கொசிகினும் சந்தித்தனர். பாலஸ்தீன மண்ணில் ஆறு நாள் போர் முடிந்து இரண்டு வாரங்கள்கூட ஆகாத காலம் அது. அச்சந்திப்பில் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளர் மக்னமாரா ஒரு வாதத்தை முன்வைத்தார். மாஸ்கோவைச் சுற்றிச் சோவியத் நாடு எழுப்பிவரும் தடுப்பு ஏவுகணைகள் அமைதியைத் தரமாட்டா. அவற்றை ஊடுருவுவதற்காக அமெரிக்கா மேலும் பல ஏவுகணைகளைச் செய்யும். அதைக் கண்டு சோவியத் நாடும் செய்யும். இந்தப் போட்டிக்கு முடிவே இராது என்பது அவர் வாதம். கொசிகின் இதைக் கேட்டுச் சினந்தார். தாக்கும் ஆயுதமே ஒழுக்கக்கேடானது, காக்கும் ஆயுதம் மக்கள் உயிரைக் காப்பது, அதைக் கைவிடச் சொல்வது என்ன நியாயம் என்பது அவரது நிலை. அன்று கேடயத்துக்கு வக்கீல் மாஸ்கோ. அதைக் குறை சொன்னது வாஷிங்டன். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மக்னமாராவின் வாதத்துக்குப் பின்னே ஒரு கணக்கு இருந்தது. ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இரு நாடுகளிடமும் ஆளுக்கு ஆயிரம் அணு ஏவுகணைகள் இருப்பதாகக் கொள்வோம். ஒரு நாட்டிடம் நூறு ஏவுகணைகளை மறிக்கும் அமைப்பு இருக்கிறது. ஆயிரத்துக்கு எதிரே நூறு என்ன செய்யும் என்று தோன்றும். ஆனால் அந்த நாடு தானே முந்திக்கொண்டு தாக்கி, எதிரியின் ஏவுகணைகளில் தொள்ளாயிரத்து ஐம்பதை நிலத்திலேயே அழித்துவிட்டால், திரும்பி வரக்கூடியவை ஐம்பதுதான். அந்த ஐம்பதுக்கு நூறு போதும். ஆயிரம் ஏவுகணைகளைத் தடுக்க வக்கற்ற கருவி, முதல் அடி அடித்தவனுக்கு மட்டும் முழுப் பாதுகாப்பாகிவிடுகிறது. எதிரிக்கும் இந்தக் கணக்குத் தெரியும். ஆகவே நெருக்கடி நேரத்தில் தன் ஏவுகணைகள் அழிவதற்கு முன் அவற்றை ஏவிவிட அவனும் அவசரப்படுவான். இரு பக்கத்தாரும் திறந்த மார்புடன் நின்றால்தான் இருவரும் கையை அடக்கிக்கொள்வார்கள் என்னும் கொடூரமான தத்துவம் இப்படித்தான் பிறந்தது. கோடிக்கணக்கான மக்களைப் பிணையாக வைத்து வாங்கிய அமைதி அது. அதை அறநெறி என்று கூற என் நாவு வராது. ஆயினும் அதன் கணக்கில் தவறு இருந்ததாகவும் தெரியவில்லை.

வாதம் செய்த மக்னமாராவே உள்நாட்டு நெருக்குதலுக்குப் பணிந்தது தனிக் கதை. அதே 1967 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ நகரில் அவர் ஆற்றிய உரையின் பெரும்பகுதி தடுப்பு அமைப்புகளுக்கு எதிராகவே அமைந்தது. முடிவில், சீனாவை முன்னிட்டு ஒரு 'மெல்லிய' தடுப்பு அமைப்பை அமெரிக்கா நிறுவும் என்று அவரே அறிவித்தார். பெரிய எதிரிக்காக அல்ல, சிறிய எதிரிக்காகவே இந்தக் கவசம் என்னும் சமாதானம் அன்றைக்கே உருவாகிவிட்டது. பின்னாளில் சீனாவின் இடத்தில் வட கொரியாவும் ஈரானும் வந்து அமர்ந்தன.

ஐந்தாண்டுப் பேச்சுக்குப் பிறகு மாஸ்கோ மக்னமாராவின் கணக்கை ஏற்றது. 1972 மே 26 அன்று நிக்சனும் பிரெஷ்னெவும் மாஸ்கோவில் ஏவுகணை எதிர்ப்பு அமைப்புகள் பற்றிய உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். நாடு முழுவதையும் காக்கும் அமைப்பை எவரும் நிறுவலாகாது. ஆளுக்கு இரண்டு இடங்களில் மட்டும், இடத்துக்கு நூறு தடுப்பு ஏவுகணைகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். 1974ஆம் ஆண்டு இரண்டு இடங்கள் ஒன்றாகக் குறைக்கப்பட்டன. சோவியத் நாடு மாஸ்கோவைத் தேர்ந்தது. அமெரிக்கா வடக்கு டகோட்டாவில் கிராண்ட் ஃபோர்க்ஸ் அருகே தன் ஏவுகணைக் களத்தைக் காக்கும் அமைப்பை நிறுவி, 1975இல் இயக்கிச் சில மாதங்களிலேயே மூடிவிட்டது. செலவு மிகுதி, பயன் குறைவு என்பது அவர்களே கண்ட முடிவு.

1983 மார்ச் 23 அன்று ரீகன் விண்வெளியிலிருந்தே ஏவுகணைகளை அழிக்கும் கனவை அறிவித்தபோது இந்த உடன்படிக்கை முதன்முறை ஆட்டம் கண்டது. 1986 அக்டோபரில் ஐஸ்லாந்துத் தலைநகர் ரெய்க்யவிக்கில் ரீகனும் கோர்பசேவும் அணு ஆயுதங்களை அறவே ஒழிப்பது பற்றிக்கூடப் பேசும் அளவுக்கு நெருங்கினர். பேச்சு உடைந்தது 'ஆய்வுக்கூடம்' என்னும் ஒரு சொல்லில். தடுப்பு அமைப்பின் சோதனைகள் பத்தாண்டுகளுக்கு ஆய்வுக்கூடத்தின் சுவர்களுக்குள் அடங்க வேண்டும் என்றார் கோர்பசேவ், ரீகன் மறுத்தார். ஒரு சொல்லின் பொருளெல்லை பற்றி நம் மத்ரஸாக்களில் நாள்முழுதும் விவாதிப்பதைக் கண்டு நகைப்பவர்கள் உண்டு. இரு வல்லரசுகளின் தலைவர்கள் அதே காரணத்தால் வெறுங்கையுடன் பிரிந்ததை அவர்களுக்கு நினைவூட்ட வேண்டும்.

சோவியத் ஒன்றியம் சிதைந்த பின் காட்சி மாறியது. 1998 ஆகஸ்டு 31 அன்று வட கொரியா ஏவிய டேபோடாங் ஏவுகணை ஜப்பானின் தலைக்கு மேலே பறந்து சென்றது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் கவசத்துக்கான குரல் ஓங்கியது. 2001 டிசம்பர் 13 அன்று புஷ் 1972 உடன்படிக்கையிலிருந்து விலகுவதாக அறிவித்தார். ஆறு மாத அவகாசத்துக்குப் பின் 2002 ஜூன் 13 அன்று விலகல் நடைமுறைக்கு வந்தது. மறுநாளே ரஷ்யா, பல தலைகள் கொண்ட நிலத்தள ஏவுகணைகளைத் தடைசெய்யும் இரண்டாம் ஸ்டார்ட் ஒப்பந்தம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்றது. மக்னமாரா சொன்ன சங்கிலியின் முதல் கண்ணி ஒரே நாளில் கோக்கப்பட்டது.

தகராறு உச்சத்தை அடைந்தது 2007இல். போலந்தில் பத்துத் தடுப்பு ஏவுகணைகளும் செக் குடியரசின் பிர்டி மலைப்பகுதியில் ஒரு ராடாரும் நிறுவ அமெரிக்கா அனுமதி கேட்டது. ஈரானிடமிருந்து ஐரோப்பாவைக் காக்கவே இது என்று சொல்லப்பட்டது. பிப்ரவரி 10 அன்று ம்யூனிக் மாநாட்டில் புதின் இதைக் கடுமையாகச் சாடினார். அமெரிக்காவின் மறுமொழியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயிரக்கணக்கில் அணுகுண்டுகள் வைத்திருக்கும் ரஷ்யாவைப் பத்து ஏவுகணைகள் என்ன செய்துவிடும்? மேலும், ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்குச் செல்லும் ஏவுகணை வட துருவத்தின் வழியே செல்லுமேயன்றிப் போலந்தின் வழியே செல்லாது. ஒரு பூகோள உருண்டையில் நூல் பிடித்துப் பார்க்கும் எவருக்கும் இது விளங்கும். ரஷ்யாவின் கவலை இன்றைய பத்தைப் பற்றியதன்று. உடன்படிக்கை ஒழிந்தபின் நாளைக்கு அது நூறாவதையும் ஆயிரமாவதையும் தடுக்க எந்த எழுத்தும் இல்லையே என்பதுதான். கொசிகின் பேசியதை அமெரிக்கர்களும், மக்னமாரா பேசியதை ரஷ்யர்களும் பேசலாயினர். வாய்கள் இடம் மாறின, வாதங்கள் மாறவில்லை.

ஜூன் மாதம் ஜெர்மனியில் நடைபெற்ற உச்சி மாநாட்டில் புதின் எதிர்பாராத ஒரு யோசனையைக் கூறினார். அஜர்பைஜானின் கபாலாவில் ரஷ்யா குத்தகைக்கு எடுத்திருந்த ராடாரை இரு நாடுகளும் சேர்ந்து பயன்படுத்தலாம். அது ஈரானுக்கு மிக அருகில் இருக்கிறது என்றார். குறி ஈரான் என்றால் ஈரானின் வாசலிலேயே காவல் வையுங்கள் என்பது பொருள். அமெரிக்கா அதைச் செக் ராடாருக்கு மாற்றாக ஏற்கவில்லை.

ராடார் அமையவிருந்த இடத்தருகே திரோகாவெட்ஸ் என்றொரு குக்கிராமம். நூறு பேர்கூட இல்லாத ஊர். 2007இல் தங்களுக்குள் வாக்கெடுப்பு நடத்தி ஏறத்தாழ ஒருமனதாக ராடார் வேண்டாம் என்றனர். செக் மக்களில் பெரும்பான்மையோரும் எதிர்ப்பதாகவே கருத்துக் கணிப்புகள் காட்டின. ஆயினும் 2008 ஜூலையில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஜார்ஜியாவில் ரஷ்யப் படை புகுந்த அடுத்த சில நாட்களில், ஆகஸ்டு 20 அன்று போலந்தும் கையெழுத்திட்டது. அதுவரை பேரம் பேசிக்கொண்டிருந்த போலந்துக்கு ஈரானைக் கண்டு ஏற்படாத அவசரம் ரஷ்யாவைக் கண்டு ஏற்பட்டது. கவசம் யாருக்கு எதிரானது என்ற கேள்விக்கு அமெரிக்காவின் விடை எதுவாயினும் போலந்தின் விடை இதுவே. ஒபாமா இத்திட்டத்தை 2009 செப்டம்பர் 17 அன்று கைவிட்டார். 1939இல் சோவியத் படை போலந்துக்குள் நுழைந்த அதே தேதி என்பதைக் கவனிக்க வாஷிங்டனில் ஆள் இல்லை போலும். போலந்து மக்கள் கவனித்தார்கள்.

கைவிட்டது ஒரு வடிவத்தை மட்டுமே. குறைந்த தூரத்து ஏவுகணைகளை மறிக்கும் கடற்படைக் கருவிகளைக் கொண்டு படிப்படியாக அமைக்கும் புதிய திட்டம் உடனே வந்தது. ருமேனியாவின் தெவசேலுவில் 2016இல் அது செயற்படத் தொடங்கிற்று. போலந்தின் ரெட்சிகோவோ தளம் 2024 நவம்பரில் திறக்கப்பட்டது. இங்கே தகராறு புதிய வடிவம் பெற்றது. தெவசேலுவில் உள்ள ஏவுகுழல்கள் கப்பல்களில் டோமஹாக் என்னும் தாக்குதல் ஏவுகணையையும் செலுத்துபவை. ஆகவே தற்காப்புத் தளம் ஒரே இரவில் தாக்குதல் தளமாக மாறக்கூடும் என்று ரஷ்யா பல ஆண்டுகளாகக் குற்றஞ்சாட்டிற்று. அப்படிச் செய்ய இயலாது என்று அமெரிக்கா மறுத்து வந்தது. 2019 ஆகஸ்டு 2 அன்று நடுத்தரத் தூர ஏவுகணைகளைத் தடைசெய்த உடன்படிக்கை முடிவுக்கு வந்தது. பதினாறே நாட்களில் அமெரிக்கா நிலத்திலிருந்து ஒரு டோமஹாக்கைச் சோதித்தது. அதைச் செலுத்தியது அதே இனத்தைச் சேர்ந்த ஏவுகுழல். ருமேனியாவில் உள்ளதும் இதுவும் ஒன்றல்ல என்று விளக்கம் தரப்பட்டது. விளக்கம் உண்மையாகவே இருக்கலாம். அதை நம்பும் மனநிலையில் மாஸ்கோவில் எவரும் இல்லை.

முஸ்லிம் நாடுகளில் இத்தகராறின் நடுவே நேராக வந்து நின்றது துருக்கி. 2010 நவம்பரில் லிஸ்பன் நகரில் நேட்டோ அமைப்பு ஐரோப்பா முழுமைக்கும் தடுப்பு அமைப்பு காண முடிவெடுத்தபோது, ஆவணத்தில் ஈரானின் பெயர் வரக்கூடாது என்று துருக்கி வலியுறுத்தி அதில் வென்றது. பெயர் வரவில்லை, ராடார் வந்தது. மலத்யா மாகாணத்தின் கூரெஜிக்கில் 2012 தொடக்கத்துக்குள் அமெரிக்க ராடார் இயங்கத் தொடங்கிற்று. அதன் முகம் கிழக்கு நோக்கி, ஈரானை நோக்கி இருக்கிறது. தங்கள் நாடு தாக்கப்பட்டால் முதலில் துருக்கியிலுள்ள இந்தக் கவசமே குறியாகும் என்று 2011 நவம்பரிலேயே ஈரானியப் புரட்சிக் காவல் படைத் தளபதி ஒருவர் எச்சரித்தார். ராடார் திரட்டும் தகவல் இஸ்ரேலுக்குப் போகிறது என்னும் ஐயமும் இடைவிடாமல் எழுந்து வந்தது; துருக்கி அரசு பலமுறை அதை மறுத்துள்ளது.

தன்னைக் காக்கும் கருவி துருக்கிக்குக் கிடைத்ததா என்றால் அதுதான் இல்லை. சிரியப் போர் காலத்தில் நேட்டோ நாடுகள் அனுப்பிய பேட்ரியாட் அமைப்புகளில் அமெரிக்க, ஜெர்மானிய அமைப்புகள் 2015இல் திரும்பப் பெறப்பட்டன. 2013இல் சீன அமைப்பை வாங்க எடுத்த முடிவு நேட்டோவின் நெருக்குதலுக்கிடையே 2015இல் கைவிடப்பட்டது. இறுதியில் 2017 டிசம்பரில் ரஷ்யாவின் எஸ்-400 அமைப்புக்கு ஒப்பந்தமாயிற்று. 2019 ஜூலை 12 அன்று முதல் பகுதி அங்காரா அருகே வந்திறங்கியது. ஐந்தே நாளில் எஃப்-35 போர் விமானத் திட்டத்திலிருந்து துருக்கியை அமெரிக்கா நீக்கியது. 2020 டிசம்பரில் பொருளாதாரத் தடையும் விதித்தது. ரஷ்ய ராடார் தன் விமானத்தின் இரகசியங்களைக் கற்றுக்கொள்ளும் என்பது அமெரிக்கா கூறிய காரணம். ஒரே நாட்டின் மண்ணில் மலத்யாவில் அமெரிக்கக் கண்ணும் அங்காராவில் ரஷ்யக் கையும் அமைந்தன. பிறருக்காகப் பார்க்கும் கண்ணுக்குப் பாராட்டு. தனக்காக வாங்கிய கைக்குத் தண்டனை. துருக்கி ஆட்சியாளரின் அரசியலை நான் முழுதும் ஏற்பவனல்லன். ஆனால் இந்த ஒன்றில் அவர்கள் முறையீட்டுக்குத் தக்க பதிலை எங்கும் படித்ததில்லை. கிழக்கே தென் கொரியாவும் இதே துன்பத்தைக் கண்டது. 2017இல் அமெரிக்காவின் தாட் அமைப்பு சொங்ஜுவில் நிறுவப்பட்டபோது, அதன் ராடார் தன் நிலத்துக்குள் எட்டிப் பார்க்கிறது என்று சீனா சினந்து, கொரியச் சுற்றுலாவையும் வணிகத்தையும் நசுக்கியது.

இந்தக் கவசம் உண்மையில் எவ்வளவு வலியது? கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையின் பயணம் சுமார் முப்பது நிமிடம். அதில் பெரும்பகுதி காற்றற்ற வெளியில் கழிகிறது. காற்றில்லாத இடத்தில் கனத்த அணுகுண்டும் காற்றடைத்த பலூனும் ஒரே வேகத்தில் மிதந்து செல்லும். ஒரு குண்டோடு இருபது பலூன்களை அவிழ்த்துவிட்டால் எது மெய், எது பொய் என்று கண்டறிவது மிகக் கடினம். அலாஸ்காவிலும் கலிபோர்னியாவிலும் அமெரிக்கா 2017 வாக்கில் நிறுவி முடித்த 44 தடுப்பு ஏவுகணைகளின் முன்னுள்ள தீராத சிக்கல் இது. குறுகிய தூரத்து ஏவுகணைகளை மறிப்பது ஒப்பீட்டளவில் எளிது. அங்கும் தவறுகள் நேர்ந்தன. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில், பேட்ரியாட் கணினியின் கடிகாரக் கணக்கில் ஏற்பட்ட சிறு பிசகால் ஈராக்கிய ஸ்கட் ஏவுகணை மறிக்கப்படாமல் விழுந்து 28 அமெரிக்க வீரர்கள் மாண்டனர். அதற்குப்பின் கருவிகள் வெகுவாகத் தேர்ச்சி பெற்றுள்ளன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அந்தத் தேர்ச்சி வெளிப்பட்ட களமே, 1967இன் கணக்கு சிறிய அளவில் செயல்வடிவம் பெற்ற களமாகவும் அமைந்தது. 2025 ஜூன் 13 அன்று இஸ்ரேல் ஈரானை முந்திக்கொண்டு தாக்கியது. ஏவுகணைத் தளங்களையும் ஏவுவாகனங்களையும் வான்வழியே அழித்தது; தளபதிகளைக் கொன்றது. திருப்பி அடிக்க ஈரானிடம் எஞ்சியிருந்தவற்றில் ஐந்நூறுக்கு மேற்பட்ட ஏவுகணைகள் பன்னிரண்டு நாட்களில் ஏவப்பட்டன. இஸ்ரேலியத் தடுப்பு அமைப்புகளும் அமெரிக்கத் தாட் அமைப்பும் அவற்றில் பெரும்பாலானவற்றை மறித்தன. ஊடுருவியவை இஸ்ரேலிய நகரங்களில் உயிர்களைப் பறித்தன. ஈரானில் மாண்டவர் தொகை அதைப் போலப் பன்மடங்கு. ஈரானின் ஏவுகணையைத் தடுக்கவே கவசம் என்று இருபது ஆண்டுகளாகச் சொல்லப்பட்டது. அது உண்மையே. ஆனால் முதல் அடியை அடித்தவர் கவசம் தரித்தவர் என்பதும் உண்மை. அங்கே அணுகுண்டுகள் ஏவப்படவில்லை என்பது ஒன்றே ஆறுதல்.

ரஷ்யாவும் சும்மா இருக்கவில்லை. 2018 மார்ச் 1 அன்று புதின், எந்தத் தடுப்பையும் சுற்றி வளைத்துச் செல்லும் புதிய ஆயுதங்களின் வரிசையை வெளியிட்டபோது, 2002இன் விலகலே அவற்றுக்குக் காரணம் என்று வெளிப்படையாகக் கூறினார். மாஸ்கோவைச் சுற்றித் தன் பழைய தடுப்பு அமைப்பை இன்றளவும் வைத்துப் புதுப்பித்து வருகிறவரும் அவரே என்பதைச் சொல்லாமல் விட்டார். 2010 ஏப்ரல் 8 அன்று பிராக் நகரில் கையெழுத்தான புதிய ஸ்டார்ட் ஒப்பந்தத்தின் முன்னுரை, தாக்கும் ஆயுதத்துக்கும் தடுக்கும் ஆயுதத்துக்கும் தொடர்புண்டு என்பதை இரு நாடுகளும் ஒப்புக்கொள்வதாகக் கூறுகிறது. முன்னுரையில் மட்டுமே அது இடம்பெற்றது. எண்ணிக்கை எதையும் அது கட்டுப்படுத்தவில்லை. அவ்வொப்பந்தத்தின் காலவரையும் 2026 பிப்ரவரி 5 வரைதான்.

2025 ஜனவரியில் டிரம்ப் நாடு முழுவதையும் காக்கும் அமைப்புக்கு ஆணையிட்டார். மே 20 அன்று, 'தங்கக் குவிமாடம்' என்னும் அத்திட்டம் 17,500 கோடி டாலரில் மூன்றாண்டுகளில் முடியும் என்றார். விண்வெளியில் நிறுத்தும் தடுப்பு ஏவுகணைகளுக்கு மட்டுமே இருபது ஆண்டுகளில் 16,100 கோடியிலிருந்து 54,200 கோடி டாலர் வரை ஆகலாம் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் வரவுசெலவு அலுவலகம் கணக்கிட்டது. 1972இல் எதை எவரும் செய்யலாகாது என்று எழுதிக் கையெழுத்திட்டார்களோ, அதுவே இத்திட்டம். அறிவிப்புக்குச் சில நாட்கள் முன்னர், மே 8 அன்று, மாஸ்கோவில் ரஷ்யாவும் சீனாவும் கூட்டறிக்கை ஒன்றில் இதைக் கண்டித்தன. தாக்குதலையும் தற்காப்பையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பது அவ்வறிக்கையின் வாதம். கிளாஸ்பரோவில் கொசிகினைச் சினமூட்டிய வாதம் அதுதான்.

அந்த மாணவர் இப்போது வளைகுடா நாடொன்றில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறார். 2025 ஜூனில் தொலைபேசியில் பேசினார். ஜூன் 23 இரவு, கத்தாரின் அல்உதைத் தளத்தை நோக்கி ஈரானிய ஏவுகணைகள் வந்தபோது, அவற்றை மறித்த ஒளியைத் தம் குடியிருப்பின் மாடியிலிருந்து பார்த்ததாகச் சொன்னார். மறுநாள் அலுவலகத்தில் மொழிபெயர்க்க வந்த செய்தியில் அதே தொடர் இருந்ததாம். அடைமொழி இம்முறை பெண்பாலில் இருந்தது என்றார்.